மவுத் ஆர்கன் வாங்கும் முன்: அதில் எந்தச் சுரம் இல்லை?

பத்து ஓட்டை மவுத் ஆர்கனைப் புதிதாக வாங்கியவர் செய்கிற முதல் காரியம், இடது ஓரத்தில் 1 என்று எண் போட்ட ஓட்டையில் தொடங்கி ச ரி க ம வாசித்துப் பார்ப்பதுதான். 1-ஐ ஊதினால் ச. அதிலேயே மூச்சை உள்ளே இழுத்தால் ரி. 2-ஐ ஊதினால் க. அதே வேகத்தில் 2-ஐ இழுத்தால், ம வர வேண்டிய இடத்தில் ப வந்து நிற்கும். 3-ஐ ஊதினாலும் அதே ப. இழுத்தால் நி. ம எங்கே, த எங்கே என்று தேடி அலுத்து, ‘பீஸ் சரியில்லை’ என்று கடைக்குத் திருப்பிக் கொண்டுபோகிறவர்கள் உண்டு. பீஸில் ஒரு கோளாறும் இல்லை. அந்த இரண்டு சுரங்களும் அந்த இடத்தில் வைக்கப்படவே இல்லை.

எந்தக் கம்பெனி, என்ன விலை, எத்தனை ஓட்டை என்று கேட்டுத்தான் பெரும்பாலோர் மவுத் ஆர்கன் தேடுகிறார்கள். அவையெல்லாம் இரண்டாவது கேள்விகள். ஹார்மோனியத்தில் எல்லாக் கட்டையும் கண்ணெதிரே இருக்கிறது. மவுத் ஆர்கனில் அப்படி இல்லை. ஒவ்வொரு வகையும் சில சுரங்களை வைத்துக்கொண்டு சிலவற்றை விட்டுவிடும். வாசிக்க ஆசைப்படும் பாட்டுக்கு வேண்டிய சுரம் எந்த வகையில் இருக்கிறது என்று தெரிந்துகொண்டால் பாதித் தேர்வு முடிந்துவிடும்.

கடையில் கிடைப்பவை பெரும்பாலும் மூன்று வகை. பத்து ஓட்டை டயட்டோனிக். பக்கத்தில் ஒரு பொத்தான் வைத்த குரோமாட்டிக். மேலும் கீழுமாக இரண்டு வரிசைச் சிறு ஓட்டைகள் கொண்ட நீளமான ட்ரெமோலோ. பேஸ், கார்டு என்று வேறு சிலவும் உண்டு. அவை மவுத் ஆர்கன் குழுக்களுக்கானவை, தொடக்கக்காரருக்குத் தேவைப்படாது.

டயட்டோனிக்: ம-வும் த-வும் ஏன் போயின?

டயட்டோனிக் உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். நீளம் சுமார் 10 செ.மீ., உள்ளே 20 ரீடுகள், அதாவது காற்றில் அதிரும் மெல்லிய உலோக நாக்குகள். ஓட்டைக்கு இரண்டு: ஒன்று ஊதும்போது அதிரும், மற்றது இழுக்கும்போது. சுரங்களை அடுக்கியிருக்கும் முறைக்கு ரிக்டர் என்று பெயர். 19-ஆம் நூற்றாண்டில் ஜெர்மன் பேசும் ஊர்களின் நாட்டுப்பாடல்களுக்காக வந்த அடுக்கு இது. ஒரே ஆள் மெட்டும் வாசிக்க வேண்டும், துணைக்குக் கார்டும் (சில சுரங்களைச் சேர்த்து ஒலிப்பது) போட வேண்டும் என்பது அன்றைய தேவை. அதனால் இடப்பக்கத்தைக் கார்டுக்கு ஒதுக்கிவிட்டார்கள். 1, 2, 3 மூன்றையும் சேர்த்து ஊதினால் ச-க-ப. 1 முதல் 4 வரை சேர்த்து இழுத்தால் ரி-ப-நி-ரி. எளிய பாட்டு ஒன்றுக்குத் துணை போக இந்த இரண்டு கார்டும் போதும். அவற்றுக்கு இடம்விட்டு ஒதுங்கியவைதான் ம-வும் த-வும்.

முழு ஸ்தாயி நடுவில் இருக்கிறது. 4 ஊது ச, 4 இழு ரி, 5 ஊது க, 5 இழு ம, 6 ஊது ப, 6 இழு த. இதுவரை ஊது, இழு என்று மாறி மாறி வரும். இந்தத் தாளத்தில் 7-ஐயும் ஊதப்போனால் மாட்டிக்கொள்வீர்கள். 7-இல் முறை தலைகீழ்: 7 இழு நி, 7 ஊது மேல் ச. அதாவது த-வும் நி-யும் அடுத்தடுத்து இரண்டு இழுப்பு. ஆரோகணத்தில் எல்லோரும் முதலில் தடுக்கி விழும் இடம் இதுதான். 7-க்கு மேலே கடைசி வரை இழுப்புதான் தாழ்ந்த சுரம், ஊதல் உயர்ந்தது. 8 இழு ரி, 8 ஊது க, 9 இழு ம, 9 ஊது ப, 10 இழு த, 10 ஊது ச. மேல் ஸ்தாயியில் நி கிடையாது.

ஆக, மூன்று ஸ்தாயி என்று பெட்டியில் போட்டிருந்தாலும் சுரம் எதுவும் விடுபடாத ஸ்தாயி ஒன்றே ஒன்று. இந்தக் கருவியின் ஏழு சுரங்களும் சங்கராபரணத்துடையவை. அந்தச் சுரங்களில் அமைந்த ஒரு பாட்டு ச-வுக்குக் கீழே போய் த-வைத் தொட்டால், அங்கே சிக்கல்.

இல்லாத சுரத்தை வரவழைக்க ஒரு வழி இருக்கிறது. பெண்டிங் என்பார்கள், சுரத்தை வளைப்பது. ஒரே அறைக்குள் இரண்டு ரீடுகள் இருப்பதால் இது நடக்கிறது. இழுக்கும்போது நாக்கின் பின்பகுதியைச் சற்றுப் பின்னுக்கும் கீழுக்கும் நகர்த்தி வாய்க்குள் இடத்தை மாற்றினால் சுரம் கீழே சரியும். சரியும்போது பக்கத்து ரீடும் சேர்ந்து அதிரத் தொடங்கும். எவ்வளவு தூரம் சரியும் என்பதற்குக் கணக்கு உண்டு: அதே ஓட்டையின் தாழ்ந்த சுரத்துக்கு அரைச்சுரம் மேலே வரை. 3-ஆம் ஓட்டையில் ப-வும் நி-யும் இருக்கின்றன. நடுவே மூன்று அரைச்சுரங்கள், மூன்றும் வளைவில் கிடைக்கும். 2-ஆம் ஓட்டையில் க-வும் ப-வும். நடுவே இரண்டு, அதில் கடைசிதான் நாம் தேடிய ம. 5-ஆம் ஓட்டையில் க-வும் ம-வும் ஒட்டி நிற்கின்றன. அங்கே வளைத்துப் புதுச் சுரம் எடுக்க முடியாது. எவ்வளவு முயன்றும் 5 வளையவில்லை என்று வருந்துகிறவர்களுக்கு இதுதான் பதில்.

2-ஐ வளைத்து ம எடுப்பது, 3-ஐ வளைத்து த எடுப்பது இரண்டும் சுருதி பிசகாமல் கைவர மாதக்கணக்கில் ஆகும். முதல் வாரத்தில் அதை எதிர்பார்த்து வாங்கக்கூடாது.

ராகத்தை வைத்துக் கணக்குப் போட்டால்

டயட்டோனிக்கில் ஒரே கருவியை வெவ்வேறு சுரத்தை ஆதாரமாக வைத்து வாசிப்பதைப் பொசிஷன் என்பார்கள். ஆங்கிலத்தில் இதை விளக்கப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்கள். கிரக பேதம், அதாவது ஒரு ராகத்தின் வேறொரு சுரத்தை ச-வாக்கி இன்னொரு ராகம் எடுப்பது, தெரிந்தவருக்கு ஒரு வரி போதும்: இது சங்கராபரணத்தின் கிரக பேதம், அவ்வளவுதான்.

சி சுருதி (1 கட்டை) ஹார்ப் ஒன்று கையில் இருக்கிறது என்று வையுங்கள்; டயட்டோனிக்கை ஹார்ப் என்றும் சொல்வார்கள். அதன் ரி-யை ச-வாகக் கொண்டு 4 இழு, 5 ஊது, 5 இழு, 6 ஊது, 6 இழு, 7 இழு, 7 ஊது, 8 இழு என்று போனால் கரகரப்பிரியா, ஒரு வளைவும் இல்லாமல். ம-வில் தொடங்கினால், அதாவது 5 இழுப்பிலிருந்து 9 இழுப்பு வரை, கல்யாணியின் சுரங்கள். த-வில் தொடங்கினால் நடபைரவி. க-வில் தொடங்கினால் தோடியின் சுரங்கள் வரும், தோடி வராது. கமகம் இல்லாத தோடி வெறும் எலும்புக்கூடு, ரீடு கருவிக்கு அந்த அசைவு அவ்வளவு லேசில் வராது. ப-வில் தொடங்கினால் ஹரிகாம்போஜி. மேற்கத்திய புளூஸ்காரர்கள் அதிகம் வாசிப்பது இந்தக் கடைசி நிலைதான். 2-ஆம் பொசிஷன், கிராஸ் ஹார்ப் என்று அவர்கள் சொல்வது இதையே. 2 இழுப்பு ச ஆகிவிடும். ஆனால் அடுத்த ரி-க்கு 3-ஐ வளைத்தாக வேண்டும், ஏனென்றால் அது காணாமல் போன பழைய த.

ஒவ்வொரு நிலைக்கும் சுருதிப்பெட்டியை மாற்றி வைக்க வேண்டும் என்பதை மறந்துவிடுகிறார்கள். சி ஹார்ப்பில் சங்கராபரணம் 1 கட்டை, கரகரப்பிரியா 2, கல்யாணி 4, ஹரிகாம்போஜி 5, நடபைரவி 6.

தொடக்கக்காரருக்கு ஆகச் சிறந்த நண்பன் மோகனம். 4 ஊது, 4 இழு, 5 ஊது, 6 ஊது, 6 இழு, 7 ஊது. ம-வும் நி-யும் இந்த ராகத்துக்கே வேண்டாம் என்பதால் 7-ஆம் ஓட்டைக் குழப்பமும் இல்லை. அதே ஐந்து சுரங்களை 4 இழுப்பில் தொடங்கி 8 இழுப்பில் முடித்தால் மத்யமாவதி. 5 ஊதலில் தொடங்கி 8 ஊதலில் முடித்தால் ஹிந்தோளம். ஐந்தே சுரங்களைப் பழகிவிட்டு மூன்று ராகத்தில் மெட்டுப் போடலாம். சினிமாப் பாட்டுகளிலும் நாட்டுப்புற மெட்டுகளிலும் ஐந்து சுரத்துக்குள் அடங்குபவை நிறைய.

டயட்டோனிக்கில் எளிதில் வராதது எது? பாட்டு வகுப்பில் முதல் பாடமாக வரும் மாயாமாளவகௌளை. சுத்த ரிஷபமும் சுத்த தைவதமும் வேண்டும். சி ஹார்ப்பில் முதலாவது 4-ஐ இழுத்து வளைத்தால் வரும், இரண்டாவது 6-ஐ இழுத்து வளைத்தால் வரும். வரும்தான், ஆனால் சரளி வரிசையில் ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு வளைவையும் சுருதி சுத்தமாக நிறுத்துவது நன்றாகத் தேறியவருக்கே சோதனை. சரளி வரிசையைக் கற்க மவுத் ஆர்கன் வேண்டும் என்றால் டயட்டோனிக் வாங்காதீர்கள்.

குரோமாட்டிக்

பன்னிரண்டு ஓட்டை, 48 ரீடு, வலது ஓரத்தில் ஒரு பொத்தான். பொத்தானை அழுத்தினால் உள்ளே ஒரு தகடு நகர்ந்து, ஒவ்வொரு சுரமும் அரைச்சுரம் ஏறும். விட்டால் ஸ்பிரிங் பழைய இடத்துக்குத் தள்ளிவிடும். மூன்று ஸ்தாயியிலும் பன்னிரண்டு ஸ்வரஸ்தானமும் கிடைக்கும். இல்லாத சுரம் என்று ஒன்று இல்லை.

அடுக்கும் எளிது. 1 ஊது ச, இழு ரி. 2 ஊது க, இழு ம. 3 ஊது ப, இழு த. 4 இழு நி, ஊது மேல் ச. 5-இல் மறுபடி ஊது ச. மூன்று ஸ்தாயிக்கும் இதே நடை, வேறு விதி கிடையாது. 4-உம் 5-உம் பக்கத்தில் பக்கத்தில் ஒரே ச-வைத் தருவது முதலில் விசித்திரமாகத் தோன்றும்; நான்கு ஓட்டைக்கு ஒரு ஸ்தாயி என்ற ஒழுங்கைக் காப்பதற்கான ஏற்பாடு அது.

மாயாமாளவகௌளை இங்கே எப்படிப் போகிறது என்று பாருங்கள். 1 ஊது ச. மூச்சை விடாமல் பொத்தானை அழுத்தினால் சுத்த ரி. பொத்தானை விட்டு 2 ஊது க, 2 இழு ம, 3 ஊது ப. மறுபடி பொத்தான்: சுத்த த. விட்டு 4 இழு நி, 4 ஊது ச. வளைவும் இல்லை, வித்தையும் இல்லை. பெல்ஜியத்தின் டூட்ஸ் தீலெமான்ஸ், அமெரிக்காவின் ஸ்டீவி வொண்டர் போன்றவர்கள் கையில் இருந்தது இந்த வகைதான். சரணத்துக்குச் சரணம் ஸ்வரஸ்தானம் மாறுகிற சினிமா மெட்டை மெட்டாகவே வாசிக்க ஆசை என்றால் இதுவே நேரான வழி.

இதன் தொல்லைகளையும் சொல்லிவிட வேண்டும். விலை ஒரு நல்ல டயட்டோனிக்கைப் போலச் சில மடங்கு. உள்ளே ரீடுகளின் மேல் மெல்லிய பிளாஸ்டிக் பட்டைகள் ஒட்டியிருக்கும்; வால்வு என்பார்கள். வாசிக்காத ரீடு வழியாகக் காற்று வீணாகாமல் தடுப்பது அவற்றின் வேலை. ரீடு தகடு குளிர்ந்திருக்கும்போது சூடான மூச்சு பட்டால் ஈரம் படிந்து பட்டை ஒட்டிக்கொள்ளும். சுரம் தாமதித்து ‘பட்’ என்று வெடித்து வரும், அல்லது வரவே வராது. சென்னை வெயிலில் இது நடக்குமா என்று நினைக்கலாம். ஏசி அறையில் நடக்கும். வாசிக்கும் முன் மூடிய உள்ளங்கைகளுக்குள் ஐந்து நிமிடம் வைத்து உடல் சூட்டுக்குக் கொண்டுவந்தால் பெரும்பகுதி தீரும். பொத்தான் தகட்டின் ஓரங்களில் காற்றுக் கசிவதும் மலிவான குரோமாட்டிக்கின் குணம். டயட்டோனிக்கில் மலிவு ரகம் ஓரளவு சமாளிக்கும். குரோமாட்டிக்கில் மலிவு ரகம் வாங்குவது மூச்சைக் கரைக்கும் வேலை. ஹோனரின் 270, சுசுகியின் எஸ்சிஎக்ஸ்-48 ஆகியவை நெடுநாளாக மாணவர்கள் கையில் இருக்கும் மாடல்கள். 16 ஓட்டை, 64 ரீடு மாடல் கீழே ஒரு ஸ்தாயி கூடுதலாகத் தரும். தொடக்கத்தில் அது வேண்டாம். அதன் நீளத்துக்குத் தகுந்த பயன் இல்லை.

கிட்டார் வாசித்துக்கொண்டே மவுத் ஆர்கனும் வாசிக்க நினைப்பவருக்குக் குரோமாட்டிக் உதவாது. கழுத்தில் மாட்டும் ஸ்டாண்டில் கருவி நிற்கும், பொத்தானை அழுத்தக் கை எங்கே இருக்கிறது? பாப் டிலன் கழுத்தில் தொங்குவது டயட்டோனிக்.

ட்ரெமோலோ

ஒவ்வொரு சுரத்துக்கும் இரண்டு ரீடுகள், ஒன்று மற்றதைவிட இம்மி சுருதி கூடுதலாக. இரண்டும் சேர்ந்து ஒலிக்கும்போது ஒலி அலைபாயும். அந்த நடுக்கம்தான் இதன் அழகு. மெதுவான மெட்டுக்கு உடனே இனிமை சேர்க்கும், வாசிப்பவர் ஒன்றும் செய்யாமலேயே. நம் ஊர்க் கடைகளில் பலகாலமாக அதிகம் தென்படுவது இதன் 24 ஓட்டை வடிவம்தான்.

இதில் ஊதும் ரீடும் இழுக்கும் ரீடும் தனித்தனி அறைகளில் இருக்கின்றன. அதனால் பெண்டிங் நடக்காது. பெட்டியில் எழுதிய சுருதியின் ஏழு சுரங்கள் மட்டும், அதற்கு மேல் ஒன்றும் இல்லை. அரைச்சுரம் வேண்டுமென்றால் இன்னொரு சுருதியில் இரண்டாவது கருவி வாங்கி இரண்டையும் மேலும் கீழுமாகப் பிடித்துக்கொண்டு வாசிக்கிறார்கள். கீழ் ஸ்தாயியின் அடுக்கு எல்லாக் கம்பெனியிலும் ஒன்றுபோல் இருக்காது என்பதால், ஒரு கருவிக்கு எழுதிய எண்களை வைத்து இன்னொன்றில் வாசித்தால் பாட்டு உதைக்கும். புளூஸ் பாடம் பார்த்துக் கற்க நினைத்து ட்ரெமோலோ வாங்குவதுதான் அதிகம் நடக்கிற தவறு. பாடத்தில் வரும் பாதி விஷயம் இதில் செய்யவே முடியாது. ச ரி க ம பாட்டுகளை நிதானமாக வாசித்துச் சந்தோஷப்பட நினைப்பவருக்கு நல்ல துணை.

எந்தச் சுருதி?

சி என்றால் 1 கட்டை. டி 2, இ 3, எஃப் 4, ஜி 5, ஏ 6, பி 7, நடுவே அரைக்கட்டைகள். வழக்கமான டயட்டோனிக்குகளில் ஆகத் தாழ்ந்தது ஜி, ஆக உயர்ந்தது எஃப் ஷார்ப். ஜி-யின் கீழ் ரீடுகள் கனமானவை, மெல்லப் பதில் சொல்லும். எஃப், எஃப் ஷார்ப் ஹார்ப்புகளின் மேல் ரீடுகள் மிகச் சிறியவை. 8, 9, 10-இல் சத்தமே எழாமல் மூச்சு மட்டும் போகும். சி நடுவில் இருக்கிறது, பாடங்களில் பெரும்பாலானவை சி-யை வைத்தே எழுதப்பட்டவை. முதல் டயட்டோனிக் சி-யாகவே இருக்கட்டும். குரோமாட்டிக்கும் அப்படியே.

இரண்டாவது ஹார்ப் வாங்கும்போதுதான் கணக்கு. ஒருவரோடு சேர்ந்து வாசிக்க வேண்டும், அவர் 1 கட்டையில் ஹரிகாம்போஜி பாடுகிறார் என்றால் வேண்டியது சி ஹார்ப் அல்ல, எஃப் ஹார்ப். பாடுபவரின் ம எதுவோ அதுவே ஹார்ப்பின் ச. கரகரப்பிரியா என்றால் பாடுபவரின் நி, அதாவது பி ஃபிளாட் ஹார்ப். நடபைரவி என்றால் அவருடைய க, இ ஃபிளாட். கல்யாணி என்றால் ப, ஜி. ‘பாட்டு ஏ மைனர், எனவே ஏ ஹார்ப்’ என்று வாங்கினால் பொருந்தாது. ஏ மைனர் வாசிப்பது சி ஹார்ப்பில்தான், த-வை ச-வாக வைத்து.

மைனர் பாட்டுகளை அதிகம் வாசிப்பவருக்காகவே வேறு அடுக்குகளும் வருகின்றன. லீ ஆஸ்கர் என்ற பெயரில் வரும் ஹார்ப் வரிசையில் ஹார்மானிக் மைனர் என்று ஒன்று உண்டு. அதன் சுரங்கள் அப்படியே கீரவாணி. அதே வரிசையின் நேச்சுரல் மைனர் வாங்கும்போது கவனம்: அதில் பெரிதாக எழுதியிருக்கும் சுருதி 2-ஆம் பொசிஷனுடையது, 1 ஊதலின் சுரம் அது அல்ல. பேடி ரிக்டர் என்ற அடுக்கு இன்னும் சுவாரசியமானது. ஒரே ஒரு மாற்றம்தான்: இரண்டு தரம் வந்த ப-வில் ஒன்றை, 3 ஊதலை, ஒரு முழுச் சுரம் ஏற்றி த ஆக்கிவிடுவார்கள். காணாமல் போன த வளைவில்லாமல் வந்துவிடும். ஹரிகாம்போஜியின் ரி-யும் அதுவே. கீழ் ஸ்தாயிக் கார்டு கெடும் என்பதுதான் இழப்பு. மெட்டு மட்டும் வாசிப்பவருக்கு அது இழப்பே அல்ல. முதல் கருவியாக அல்ல, மூன்றாவதாக வாங்க வேண்டிய பொருள்.

உடல்: எதைப் பார்ப்பது

கருவியைப் பக்கவாட்டில் பார்த்தால் சாண்ட்விச் போல இருக்கும். நடுவே கோம்ப் என்கிற சட்டம், அதன் மேலும் கீழும் ரீடு தைத்த பித்தளைத் தகடுகள், வெளியே இரண்டு மூடிகள். கோம்ப் மரமா, பிளாஸ்டிக்கா, உலோகமா என்பதால் ஒலி மாறுகிறதா என்று வாசிப்பவர்கள் ஓயாமல் சண்டை போடுவார்கள். தொடக்கக்காரர் அந்தச் சண்டையில் சேர வேண்டியதில்லை. அவருக்கு முக்கியம் ஈரம். பூச்சு இல்லாத மரம் எச்சிலை உறிஞ்சி உப்பும். உப்பிய கோம்பின் பற்கள் முன்னால் துருத்திக்கொண்டு உதட்டைக் கிழிக்கும், காய்ந்ததும் சுருங்கிக் காற்றுக் கசியும். பிளாஸ்டிக் இரண்டும் செய்யாது.

அடுத்தது, மூடியைத் தைத்திருப்பது ஆணியா, திருகா? ஹோனர் 1896-இல் கொண்டுவந்த மெரைன் பேண்ட் இன்றும் பேரிக்காய் மரக் கோம்பும் ஆணியுமாக வருகிறது. புகழ்பெற்ற கருவிதான், ஆனால் ஒரு ரீடில் நூல் சிக்கினால் ஆணியைப் பெயர்த்துத்தான் திறக்க வேண்டும். அதே கம்பெனியின் ஸ்பெஷல் 20 பிளாஸ்டிக் கோம்பு, திருகு. இரண்டில் எது என்று புதியவர் கேட்டால் தயங்காமல் ஸ்பெஷல் 20. ஜப்பானின் டோம்போ செய்யும் லீ ஆஸ்கரும் அதே தரம். ரீடு தகடுகளை மட்டும் தனியாக வாங்கி மாற்றலாம் என்பது அதன் கூடுதல் வசதி. கிளிங்கன்தாலில் 1847-இல் தொடங்கிய ஸைடல் துருப்பிடிக்காத எஃகு ரீடுகள் போடுகிறது. நீண்ட நாள் உழைக்கும், விலையும் அதற்கேற்ப. பட்ஜெட் குறைவு என்றால் சீனத்தின் ஈஸ்ட்டாப், காங்ஷெங் கம்பெனிகளின் திருகு வைத்த மாடல்கள் கற்கத் தாராளமாகப் போதும். பொம்மைக் கடைக் கருவிகள், ஏழு சுருதியும் ஒரே பெட்டியில் அடிமாட்டு விலைக்கு என்று வரும் செட்டுகள், இரண்டும் வேண்டாம். ஏழு மோசமான ஹார்ப்புக்கு ஒரு சுமாரான ஹார்ப் மேல்.

சுருதிகூட்டும் முறையிலும் ஒரு வேறுபாடு உண்டு. கீபோர்டோடு சேர்ந்து மெட்டு வாசிப்பவருக்கு எல்லா அரைச்சுரமும் சம தூரத்தில் இருக்கும் ஈக்வல் முறை பொருந்தும். லீ ஆஸ்கர் அப்படி. ஸ்பெஷல் 20-இல் கார்டு இனிக்கும்படி க-வைச் சற்றே இறக்கியிருப்பார்கள். தம்புராவோடு வாசித்தால் இந்தக் க காதுக்கு இதமாக இருக்கும். டியூனர் ஆப்பில் பார்த்துவிட்டு ‘குறைகிறதே’ என்று பயப்பட வேண்டாம்.

கையில் வாங்கியதும்

வாயில் வைத்த கருவியைக் கடைகள் திரும்ப எடுக்காது, நியாயமும்கூட. சில கடைகளில் ஊதிப் பார்க்கக் கையால் அமுக்கும் துருத்தி வைத்திருப்பார்கள்; கேட்டுப் பாருங்கள். அதில் எல்லா ஓட்டையும் இரண்டு பக்கமும் ஒலிக்கிறதா, எதிலாவது உலோகம் உரசும் ‘ஸ்ஸ்’ சத்தம் வருகிறதா என்று பார்த்தால் போதும்.

வீட்டுக்கு வந்த பிறகு வரும் முதல் புகார், ‘1, 2 இழுத்தால் சத்தம் வரவில்லை’ அல்லது ‘2 இழுப்பு அபசுரமாக முனகுகிறது’. நூற்றில் பெரும்பாலும் குற்றம் கருவியுடையது அல்ல. உறிஞ்சுகுழாயில் இளநீர் குடிப்பதுபோல் உதட்டைக் குவித்து உறிஞ்சினால் வாய்க்குள் இடம் சுருங்கி, கேட்காமலேயே பெண்டிங் நடந்துவிடுகிறது. சோதிக்க ஒரு வழி. 1-ஐயும் 3-ஐயும் இரண்டு சுண்டுவிரல் நுனியால் மூடுங்கள். வாயை நன்றாகத் திறந்து, கொட்டாவி விடும்போது தாடை இருப்பதுபோல் தளர்த்தி, கருவியை உதட்டுக்குள் ஆழமாக வைத்து, மூச்சு விடுகிற அளவு மெல்ல இழுங்கள். தெளிவாக ஒலித்தால் கருவி நலம். ஒலி மெலிந்தே இருந்தால் மூக்கைப் பிடித்துக்கொண்டு மறுபடி இழுத்துப் பாருங்கள். திடீரென்று சத்தம் கூடினால் காற்று மூக்கு வழியாகத் திருட்டுப் போகிறது.

இரண்டு சோதனையிலும் தேறவில்லை என்றால்தான் ரீடைப் பார்க்க வேண்டும். மூடியைத் திருகிக் கழற்றி, தகட்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். ரீடின் நுனி தகட்டிலிருந்து ஏறக்குறைய ரீடின் கனத்துக்கு எழும்பி நிற்க வேண்டும். அதிகம் எழும்பியிருந்தால் மூச்சுதான் போகும், சுரம் தாமதிக்கும். படுத்திருந்தால் மெல்ல ஊதும்போது ஒலித்து, பலமாக ஊதினால் அடைத்துக்கொள்ளும். குச்சி நுனியால் அடிப்பக்கத்திலிருந்து மிக மெல்லத் தள்ளிச் சரிசெய்யலாம்; ஒரு தள்ளு, ஒரு ஊதல் என்று போக வேண்டும். ரீடின் மேல்பரப்பில் கீறல் விழக்கூடாது. கீறல் விழுந்த இடத்தில் சுருதி மாறும்.

பராமரிப்பு சின்ன விஷயம். சாப்பிட்ட கையோடு வாசிக்க வேண்டாம். வாயைக் கொப்பளித்துவிட்டு வாசியுங்கள், குறிப்பாகச் சர்க்கரை போட்ட காபிக்குப் பிறகு. முடித்ததும் ஓட்டைப் பக்கத்தைக் கீழே வைத்து உள்ளங்கையில் நாலு தட்டு. பெட்டியை அரைமணி திறந்து வைத்துப் பிறகு மூடுங்கள். பிளாஸ்டிக் கோம்பு வைத்த டயட்டோனிக்கை வெதுவெதுப்பான தண்ணீரில் அலசலாம். மரக் கோம்பையும் குரோமாட்டிக்கையும் முழுக வைக்கக்கூடாது. நிறுத்திய காரின் டேஷ்போர்டு எந்த வகைக்கும் ஆகாது.

நன்றாகப் பராமரித்தாலும் ரீடு தேயும். தினம் வாசிப்பவரின் டயட்டோனிக்கில் பெரும்பாலும் முதலில் சரிவது 4 அல்லது 5 இழுப்பு. ஓயாமல் வளைந்த உலோகத்தில் அடியில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் விட்டு, சுருதி கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். கடைசியில் ஒருநாள் சுரமே நின்றுவிடும். பலமாக ஊதி இழுப்பவருக்கு இது சீக்கிரம் வரும். மாதம் ஒருமுறை டியூனர் ஆப்பில் இந்த இரண்டு இழுப்பையும் பார்த்துக் குறித்து வைத்தால் இறக்கம் முன்பே தெரியும். சுருதி இறங்கிவிட்டால் ரீடு தகட்டை மாற்றலாம் அல்லது புது ஹார்ப் வாங்கலாம். எப்படியானாலும் பழையதைத் தூக்கி எறிய வேண்டாம். ரீடு நுனியைத் தள்ளிச் சரிசெய்யக் கை பழக அதைவிடத் தோதான பொருள் கிடைக்காது.